எந்த ஆட்டத்தில் யாருக்கு அடி

கசினோ ஆட்டங்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் பார்ப்பார்கள். நூறு டொலர் வைத்து ஆடினால் எதில் எவ்வளவு போகும், எதில் குறைவாகப் போகும். அந்தக் கணக்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். நிகழ்தகவு என்னுடைய செல்லப் பாடம். ஆனால் மொன்றியலில், இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில், நான் இன்னொரு கணக்கையும் வைத்திருந்தேன். அத்தான் இந்த ஆட்டத்தில் தோற்றால் யாருக்கு அடி விழும்? ரூலெட் என்றால் அக்காவுக்கு. மெஷின் என்றால் மெஷினுக்கு. பக்கரா என்றால் எனக்கு. பிளாக்ஜாக் என்றால் மேசையின் கடைசி நாற்காலியில் இருக்கிறவனுக்கு. இந்த அட்டவணையைப் போட்டு முடிக்க எனக்கு அரை வருடத்துக்கு மேல் பிடித்தது. போட்டு முடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அவர்கள் இருவரும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். நான் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தேன். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆசிரியர் சான்றிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அத்தான் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றியைத் துண்டு போடுகிறவர். கை என்றால் அப்படி ஒரு கை. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று பாடுவார். அவர் குரலெடுத்தால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கும் அந்தக் குரல் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எல்லாம் ஒரு வெற்றியில்தான் தொடங்கியது. வேலைத்தலத்து ஆட்களோடு முதல் தடவை கசினோவுக்குப் போன அத்தான், சும்மா விளையாட்டாக வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு நம்பர் சொல்லச் சொன்னார். அக்கா மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். வாயில் வந்தபடி இருபத்துமூன்று என்றாள். அவர் இருபது டொலர் வைத்தார். ரூலெட் சக்கரத்தில் குண்டு இருபத்துமூன்றில் போய் விழுந்தது. அன்று பின்னேரம் ஒரு பெரிய கேக்கும் பிள்ளைக்கு ஒரு பொம்மையும் வாங்கிக்கொண்டு வந்தவர், என் முன்னாலேயே அக்காவின் உதட்டைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உம்மட வாய் ராசியான வாய்," என்றார். "இவ்வளவு நாளும் இதை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீர்?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். எங்கள் ஆட்களுக்கு இந்த ராசி விஷயத்தை விளக்கத் தேவையில்லை. கடை திறக்க ஒருவருடைய கைராசி வேண்டும், பயணம் வெளிக்கிட ஒருவருடைய முகராசி வேண்டும். வேதக்காரர் ஆனபிறகும் எங்களை விட்டு அது போகவில்லை. பூசைக்குப் போகிற வழியிலும் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கிற சனம் நாங்கள். ஆகவே அக்காவுக்கு வாய் ராசி என்றபோது அதை ஒரு மரியாதையாகவே நானும் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் மஞ்சள் கோட்டு மெட்ரோவில் ஏறி, ஆற்று நடுவில் இருக்கும் தீவில் இறங்கி, பஸ் பிடித்துக் கசினோவுக்குப் போனார். மேசையில் இருந்துகொண்டு தொலைபேசி பேச விடமாட்டார்கள். ஆகவே எழும்பிக் கழிவறைப் பக்கம் போய், வீட்டுக்கு எடுத்து, அக்காவிடம் எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து வைப்பார். அந்தச் சக்கரத்தில் முப்பத்தேழு குழிகள். வைத்த எண் வந்தால் முப்பத்தைந்து மடங்கு தருவார்கள். முப்பத்தாறு தந்தால்தான் நியாயமான ஆட்டம். அந்தத் தராத ஒரு மடங்கில்தான் கசினோக் கட்டடமே நிற்கிறது. அக்கா எந்த எண்ணைச் சொன்னாலும் அது விழுவதற்கு முப்பத்தேழில் ஒரு வாய்ப்பு. கேக்குக்கு ஒன்று, அடிக்கு முப்பத்தாறு.

அடி விழுந்துகொண்டிருந்ததை நான் அறிய நாலு மாதம் ஆனது. ஆனி மாதத்தில் ஒருநாள் போனபோது அக்காவின் கீழுதடு பிளந்து இரண்டு தையல் போட்டிருந்தது.

"படியில விழுந்திட்டன்," என்றாள்.

அந்தத் தெருவில் வீடுகளுக்கெல்லாம் வெளிப்புறமாக வளைந்து இறங்கும் இரும்புப் படிகள். குளிர்காலத்தில் ஐஸ் பிடித்தால் யாரும் விழலாம். நானும் விழுந்திருக்கிறேன்.

"ஆனி மாசத்தில எந்த ஐஸில வழுக்கினனீ?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. சமையல் குறிப்புச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "பிழையான நம்பர் சொன்ன வாய்க்குத்தானாம் அடி. வேற இடத்தில அடிக்கிறேல்ல. வாயிலதான்."

குசினிக்குள் கோழி வெட்டுகிற கத்தி கழுவிக் காயவைத்தபடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவனை அக்கா பின்னால் வந்து பிடித்தாள். நான் உதறினேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்துத்தான் கத்தியைக் கீழே விழுத்தினாள். தையல் போட்ட உதட்டோடு கடித்தாள். அவளுடைய இரத்தமும் என்னுடைய இரத்தமும் ஒன்றாக வழிந்தது.

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், அவரில கை வைச்சிடாதை," என்றாள். "நீ மறியலுக்குப் போனா பேந்து நான் ஆரிட்டைப் போறது?"

பொலிசுக்குச் சொல்வோம் என்றேன். கோயில் சனம் என்ன கதைக்கும், ஊரில் அப்பா என்ன நினைப்பார் என்றாள். அப்பாவுக்கு அரைகுறையாகச் சொன்னபோது அவர் தொலைபேசியில் பெருமூச்சு விட்டு, பொறு மகள் என்றார். கடைசியில் நானும் அந்த வழிக்கே வந்தேன். மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "இவ்வளவு நடந்திட்டுது அக்கா. இனி அவருக்கே வெக்கமாயிருக்கும். இனித் திருந்துவார்." நான் அதைச் சொன்ன முதல் தரம் அதுதான்.

அவர் திருந்தவில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். அவர் கசினோவுக்குப் போவதை நிறுத்த முடியாது. ஆனால் எண் கேட்கத் தேவையில்லாத ஓர் ஆட்டத்துக்கு அவரை மாற்றிவிட்டால், அக்காவின் வாய் தப்பிவிடும் அல்லவா? இந்த யோசனை வந்த நாளில் எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். அத்தான் என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"கணக்கு வாத்தியார் வாறார்," என்றார். "இனி எங்கட காலம்தான், மச்சான்."

முதலில் அவரை மெஷினுக்குக் கொண்டுபோய் இருத்தினேன். காசைப் போட்டால் படங்கள் சுற்றி நிற்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன வாய்ப்பு வைத்திருக்கிறார்கள் என்று வெளியில் இருக்கிறவன் கணக்குப் போட முடியாது. ஆகவே எல்லாவற்றிலும் அதுதான் மோசமான ஆட்டம். தெரிந்தே செய்தேன். மெஷின் யாரிடமும் எண் கேட்காது. மூன்றாம் சனிக்கிழமை அத்தான் அதன் கண்ணாடியில் குத்தினார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய சுண்டுவிரல் எலும்புதான் முறிந்தது. இரண்டு காவலர்கள் வந்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டு, ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள்.

அந்த ஒரு மாதமும் வலது கையில் கட்டோடு அவர் வீட்டில் இருந்தார். இடது கை சும்மா இருந்தது. அக்காவின் முன்பல் ஒன்று போனது அந்த மாதத்தில்தான். ஆட்டமே இல்லாத மாதத்தில் ஏன் அடி விழுந்தது என்று ஒரு நல்ல மாணவன் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. அது விதிவிலக்கு, விளையாடாத எரிச்சல் என்று சொல்லி அந்த மாதத்தை அட்டவணையிலிருந்து தள்ளிவைத்தேன். அக்காவிடம் போய், "பல்லே போட்டுது, இதுக்கு மேலை என்ன இருக்கு? இனித் திருந்துவார்," என்றேன். அது மூன்றாம் தரமாக இருக்கவேண்டும்.

மாதம் கழிந்ததும் பக்கரா மேசைக்குப் போனோம். பக்கராவில் ஆடுகிறவனுக்கு வேலையே இல்லை. பாங்கர் பக்கமா, பிளேயர் பக்கமா, இரண்டும் சமமாக வருமா என்று மட்டும் சொல்லவேண்டும். மற்றதைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். பாங்கர் பக்கமே வைத்துக்கொண்டிருந்தால் நூறுக்கு ஒரு டொலர் அளவில்தான் போகும். சமமாக வருமென்று வைத்தால் எட்டு மடங்கு தருவார்கள், ஆனால் நீண்ட காலத்தில் நூறுக்குப் பதினான்கு போய்விடும். இதை நான் அத்தானுக்கு பஸ்ஸில் வைத்து அழகாக விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுப் போய், எட்டு மடங்கில் வைத்தார். திரும்பத் திரும்ப அதிலேயே வைத்தார். போகப் போக அவருடைய காது மடல் சிவந்தது.

"நீ பக்கத்தில இருக்கேக்க ஒண்டும் விழுகுதில்லை," என்றார். "சனியன் பிடிச்சவன்."

வெளியே பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. அவர் என் விலாவில் குத்தினார். நான் குனிந்தபோது முழங்காலால் மறுபடி அதே இடத்தில். பன்றியின் நெஞ்சுக்கூட்டை எந்த இடத்தில் பிரிக்கவேண்டும் என்று தெரிந்த ஆளின் அடி. இரண்டு எலும்பு வெடித்தது. நான் திருப்பி அடிக்கவில்லை, அக்கா கும்பிட்டுக் கேட்டிருந்தாள். அவரோடு பஸ்ஸில் ஏறி, மெட்ரோவில் இருந்து, வீடுவரை போனேன். அவர் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டுச் சாப்பிட்டு, மகளை மடியில் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அக்காவின் முகத்தில் ஒரு கீறல்கூட அன்று விழவில்லை. மூச்சு இழுக்க உயிர் போனது எனக்கு, ஆனாலும் வீதியில் நடந்து போகையில் சிரித்துக்கொண்டு போனேன்.

இருந்தாலும் வாரம் ஒரு விலா எலும்பு கொடுக்க என்னிடம் எலும்பு இல்லை. ஆகவே கடைசியாக பிளாக்ஜாக்குக்கு வந்தோம். ஆட்டக்காரன் தன் மூளையைப் பாவிக்கக்கூடிய ஆட்டம் அது. இருபத்தொன்றைத் தாண்டாமல் சீட்டு விநியோகிப்பவரை வெல்லவேண்டும். எந்தக் கைக்கு எதிரே எந்தச் சீட்டு இருந்தால் எடுப்பது, எப்போது நிற்பது என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அதன்படியே ஆடினால் நூறுக்கு அரை டொலர் அளவுதான் போகும். குசினி மேசையில் அந்த அட்டவணையை விரித்து வைத்து ஆறு வாரம் அத்தானுக்குப் பாடம் எடுத்தேன். கெட்டிக்காரன், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் உயர்தர வகுப்பில் இருந்திருந்தால் நல்ல பெறுபேறு எடுத்திருப்பார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னட்டைப் பதினாறு, அவையளிட்டைப் பத்து எண்டா?" என்று ஒருநாள் அவள்தான் கேட்டாள்.

"அதுதான் இருக்கிறதிலேயே கெட்ட கை," என்றேன். "நிண்டாலும் தோல்வி, எடுத்தாலும் தோல்வி. எடுத்தால் ஒரு துளி குறைவாத் தோப்பாய். ஆனபடியால் எடுக்கத்தான் வேணும்."

அவள் தலையை ஆட்டினாள். அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்க ஆசைப்பட்டு, ரூலெட் மேசையில் கண்ட ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் கடைசியாக வந்த எண்கள் வெளிச்சப் பலகையில் தெரியும். அந்த மனிதன் அவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டே இருப்பான். ஏழு தரம் தொடர்ந்து சிவப்பு வந்தால் எட்டாம் தரம் கறுப்புத்தான் வரவேண்டும் என்று கையில் உள்ளதை எல்லாம் கறுப்பில் கொட்டுவான். சக்கரத்துக்கு ஞாபகமும் இல்லை, வெட்கமும் இல்லை, முன்னுக்கு என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது என்றேன். "இது விளங்காதவன் மடையன்," என்றேன். அந்த மனிதன் துண்டைப் பார்த்துத் தலையைச் சொறிவதை நடித்தும் காட்டினேன். அக்கா பல் போன இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிளாக்ஜாக் மேசையில் அத்தான் உண்மையாகவே நன்றாக ஆடினார். ஆனால் அந்த மேசைக்கென்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. கடைசி நாற்காலியில் இருக்கிறவன் தேவையில்லாமல் ஒரு சீட்டை எடுத்தால், விநியோகிப்பவரை இருபத்தொன்றைத் தாண்டவைத்துக் கவிழ்க்கவேண்டிய சீட்டு அவனிடம் போய்விடும், மேசை முழுவதும் அவனால் தோற்கும் என்பார்கள். கணக்கின்படி அது சுத்தப் பொய். அவன் எடுப்பது கெடுக்கிற அளவுக்குக் காப்பாற்றவும் செய்யும். கெடுத்த தரம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இதை நான் அத்தானுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அவருக்கு ஒரு ஆள் தேவை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆள் மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தான். மூக்குக்கண்ணாடி போட்ட, பச்சைக் கம்பளிச் சட்டைக்காரர், ஓய்வுபெற்றவராக இருக்கவேண்டும். கடைசி நாற்காலியில் வந்து உட்காரும்போதே மேசையில் எல்லோருக்கும் தனித்தனியாக "பொன்ஜூர்" சொன்னார். அத்தானின் பந்தயச் சில்லு ஒன்று கீழே விழுந்தபோது சிரமப்பட்டுக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் விநியோகிப்பவரிடம் ஆறு தெரிந்தது. அத்தான் பதினொன்றில் இரட்டிப்பாக வைத்திருந்தார், வந்தது ஏழு, மொத்தம் பதினெட்டு. கிழவரிடம் பதின்மூன்று. நிற்கவேண்டிய கை. அவர் ஒன்று எடுத்தார், பத்து வந்து, இருபத்தொன்றைத் தாண்டிப் போனார். விநியோகிப்பவர் மறைத்த சீட்டைத் திருப்பினார், பத்து. பதினாறுக்கு மேல் எடுத்தது ஐந்து. இருபத்தொன்று. கிழவர் எடுத்த அந்தப் பத்து விநியோகிப்பவருக்குப் போயிருந்தால் அவர் கவிழ்ந்திருப்பார். மேசை முழுவதும் தோற்றது. கிழவர் தோளைக் குலுக்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அத்தான் அவரைக் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் விட்டுப் பிடித்தார். வாகன வரிசைக்கு நடுவே, பனி கொட்டிக்கொண்டிருக்கையில், பின்னால் போய்த் தோளில் தொட்டார். கிழவர் சிரித்துக்கொண்டு திரும்பினார். முதல் குத்திலேயே கண்ணாடி மூக்குக்குள் இறங்கியது. அவர் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தார். அத்தான் அந்தக் கையைப் பிடித்து ஒரு காரின் கதவோடு வைத்து முறித்தார். காய்ந்த விறகை உடைத்தது போல ஒரு சத்தம் வந்தது. விழுந்த பிறகும் வாயில் இரண்டு உதை. நான் ஐந்தடி தள்ளி நின்றேன். என் இரண்டு கையும் சட்டைப் பையில் இருந்தன. கிழவர் என்னைப் பார்த்தார், என்னைத்தான் பார்த்தார், உதவிக்கு. நான் அத்தானின் தோளில் தட்டி, "காணும் அத்தான், பஸ் வருது," என்றேன்.

அன்றைக்கு வீட்டில் அமைதி. அதற்கடுத்த கிழமைகளிலும் அமைதி. அக்காவின் உதடு முழுதாக ஆறியது. நான் என் அட்டவணையை முடித்து, பிளாக்ஜாக் என்ற வரிக்குக் கீழே மனதுக்குள் கோடு போட்டேன். எல்லா ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து மிகச் சிறந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு. அந்தக் கிழவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்கக்கூட இல்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை தொழிற்சாலையில் மேலதிக வேலை இருந்தது, நான் அத்தானோடு போகவில்லை. தனியே போனவர் பழைய சக்கரத்துக்குத் திரும்பியிருந்தார். வழமைபோல வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா எண் சொல்ல மாட்டேன் என்றாள். ஐந்து மாதம் சொல்லாமல் இருந்தவளுக்கு அந்தத் துணிவு வந்திருந்தது. அப்படியென்றால் பிள்ளையிடம் கொடு என்றார். கொடுக்க மாட்டேன் என்று அவள் தொலைபேசியை வைத்தாள். மறுபடி அடித்தபோது அவள் அடுப்படியில் நின்றாள். பிள்ளை ஓடிப்போய் எடுத்துவிட்டது. அப்பா நம்பர் கேட்டதும், கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் படித்த பிரெஞ்சில் "டிசெற்" என்றது. பதினேழு. அவளுக்கு அதுவரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

வேலை முடிந்து நான் பின்னேரம் நாலு மணிக்கு அந்த வீட்டுப் படியில் ஏறுகிறபோது, மேலே ஒரு சின்னக் குரல் கேட்டது. பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினேழு வரை எண்ணி, மறுபடி ஒன்றில் தொடங்கியது. கதவு திறந்து கிடந்தது. பிள்ளை சாப்பாட்டு மேசைக்குக் கீழே கால்களை மடக்கிக்கொண்டிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தான் குனிந்து அவளுடைய நாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "எந்த வாய் சொன்னது? எந்த வாய்?" என்றார். அக்கா தரையில் ஊர்ந்து போய் நடுவில் தன் தலையைக் கொடுத்தாள். அவர் கையில் இருந்த தொலைபேசி ரிசீவரால் ஓங்கி அறைந்தார், அவளுடைய இடது காதில். ஒரு தரம். பேந்து இன்னொரு தரம், அதே இடத்தில். காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்துக்கு ஒழுகியது.

அக்கா கும்பிட்டுக் கேட்டது எனக்கு அப்போது ஞாபகம் இல்லை. அவரைப் பின்கழுத்தில் பிடித்து வெளியே பல்கனிக்கு இழுத்தேன். வாயில் அடித்தேன். வேறு இடமே என் கைக்குத் தெரியவில்லை. அந்த நல்ல குரல் வருகிற வாயில், பூசையில் சனத்தை அழவைக்கிற வாயில், அடித்துக்கொண்டே இருந்தேன். பற்கள் என் விரல் முட்டிக்குள் குத்தின. என் கை எலும்பு முறிந்தது எனக்குத் தெரிந்தது, முறிந்த கையாலும் அடித்தேன். அவர் பின்னால் போக, ஐஸ் பிடித்த இரும்புப் படியில் கால் வழுக்கி, வளைவுவரை உருண்டார். அந்தப் படியில் அன்றைக்குத்தான் உண்மையாகவே ஒரு ஆள் விழுந்தார். நான் இறங்கிப் போய் உதைத்தேன். ஒவ்வொரு உதைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.

பொலிசைக் கூப்பிட்டது அக்காதான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் அதே ரிசீவரை வைத்து, கார்டெரி வாசலில் பொறுக்கிய பிரெஞ்சில் முகவரியைச் சொன்னாள். யார் என்ன கதைப்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. வந்தவர்கள் எங்கள் இருவரையும் விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அத்தானுக்கு வழக்கு, வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவு. எனக்கும் வழக்கு, முதல் குற்றம் என்று நன்னடத்தையில் விட்டார்கள். அக்காவின் இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. உள்ளே இருக்கிற எலும்பு நொறுங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

அவள் மகளோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்கேய்க்குக் குடிபோனாள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. எட்டு மாதம் கழித்து, கோயில் வாசலில் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அண்ணை என்னைப் பிடித்தார். அத்தான் கசினோவுக்குப் போவதை விட்டுவிட்டாராம். மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். பாடும்போது அழுகிறாராம். உத்தரவு முடிகிற நேரம், பிள்ளைக்காகவாவது ஒருக்கால் யோசிக்கச் சொல்லு தம்பி என்றார். நான் ஒன்றும் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. அந்தக் குரல் அழுவதை நினைத்தேனோ என்னவோ. அந்த ஞாயிறு மத்தியானமே மஞ்சள் கோட்டு மெட்ரோவில் ஏறி, தீவைத் தாண்டி, அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அவள் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முன்னறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகத் தொடங்கி, கேட்டதையெல்லாம் சொன்னேன். கடைசியில் என் வாயிலிருந்து அது வந்தது.

"இவ்வளவும் பட்டிட்டார் அக்கா. இந்த முறை திருந்தியிருப்பார் எண்டு நினைக்கிறன்."

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். கையைத் துடைத்தாள்.

"ஒன்பது தரம் சொல்லிப்போட்டாய்," என்றாள். "நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான். இது பத்தாந் தரம்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏழு தரம் சிவப்பு வந்தா எட்டாந் தரம் கறுப்புத்தான் வருமெண்டு காசைக் கொட்டினானே ஒருத்தன். அவனை நீ என்னெண்டு சொன்னனீ? எனக்கு நடிச்சுக் காட்டினியே, ஞாபகமிருக்கே?" கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே விடை கேட்கிறவள் போலக் கேட்டாள். "அவன் கொட்டினது தன்ர காசைத் தம்பி. நீ ஒவ்வொரு தரமும் வைச்சது என்னை."

ஏழு வருடம் நிகழ்தகவு படிப்பித்தவனுக்கு அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மேசையில் வைத்தாள். தன் நாற்காலியில் இருந்துகொண்டு, இடது பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டாள்.

"இன்னும் ஏதும் அவருக்காகச் சொல்லக் கிடந்தா, இந்தப் பக்கம் இருந்து சொல்லு," என்று கேளாத காதைக் காட்டினாள்.

நான் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், அவளுடைய வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பருப்புக்கு உப்புக் காணாது என்று மட்டும் சொன்னேன்.